மாத்திரை கொடுத்தும் ஏன் கேட்கவில்லை?

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, மீன் விற்கும் பெண்மணி ஒருவரை அவருடைய கணவரும் தம்பியும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவர் யாரென்று அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே இங்கு எழுதுகிறேன். இரவு உணவில் இறால் குழம்பு சாப்பிட்டிருக்கிறார். பத்து நிமிடத்தில் உள்ளங்கை அரிக்கத் தொடங்கியது. பிறகு உடலெங்கும் தடிப்பு. வீட்டில் எப்போதும் இருக்கும் ஒவ்வாமை மாத்திரை ஒன்றைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அரை மணி நேரம் கழித்து இன்னொன்று கொடுத்தார்கள். அதற்குள் குரல் கம்மியது, இருமல் வந்தது, மூச்சு இரைத்தது. கழிப்பறைக்குச் செல்ல எழுந்தவர் மயங்கி விழுந்தார்.

எங்களிடம் வந்தபோது அவருடைய இரத்த அழுத்தம் மிகவும் தாழ்ந்திருந்தது. தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் ஊசி போட்டோம். ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் ஒன்று. ஆக்சிஜனும் நரம்பு வழியாகத் திரவமும் செலுத்தினோம். விடியும் முன் அவர் எழுந்து உட்கார்ந்து பேசினார். அப்போதுதான் கணவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்: "மாத்திரை ரெண்டு குடுத்தோமே டாக்டரே, பின்ன ஏன் கேக்கல்ல?"

நியாயமான கேள்வி. அன்றிரவு களைப்பில் ஓரிரு சொற்களில் பதில் சொல்லி முடித்துவிட்டேன். முழுமையான பதிலை இந்த இதழின் வாசகர்கள் அனைவருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஏனெனில் அந்தப் பதில் நம் உடலின் மிகச் சிறிய அறை ஒன்றுக்குள், நொதிகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சைகைகளில் அடங்கியிருக்கிறது. அதைப் புரிந்துகொண்டவர், ஆபத்து வேளையில் எதை முதலில் செய்ய வேண்டும் என்பதில் தடுமாற மாட்டார்.

செல்லின் உள்ளே நடப்பது

நம் தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் இரத்தக் குழாய்களை ஒட்டி மாஸ்ட் செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் குடியிருக்கின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் நூற்றுக்கணக்கான சிறு பொதிகள் உள்ளன. ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்கள் அவற்றில் முன்கூட்டியே தயாரித்து அடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. குடற்புழுக்களையும் சில நஞ்சுகளையும் எதிர்ப்பதற்காக இயற்கை அமைத்த ஏற்பாடு இது.

ஒவ்வாமை உள்ளவரின் உடல், தீங்கற்ற ஒரு பொருளை, உதாரணமாக இறாலின் ஒரு புரதத்தை, பகையென்று தவறாகக் கருதி அதற்கெனத் தனி எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. ஐஜிஇ என்று அதற்குப் பெயர். அது மாஸ்ட் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளில் போய் அமர்ந்து காத்திருக்கும். இந்த நிலையில் நோயாளிக்கு எந்தத் தொல்லையும் இராது. அதனால்தான், "இத்தனை நாள் சாப்பிட்டேனே, ஒன்றும் செய்யவில்லையே" என்று பலர் வியப்படைகிறார்கள்.

மீண்டும் இறால் உடலுக்குள் வரும்போது, அதன் புரதம் அருகருகே உள்ள ஐஜிஇ மூலக்கூறுகளை ஒன்றாகப் பிணைக்கிறது. ஏற்பிகள் நெருங்குகின்றன. அந்தக் கணமே செல்லின் உட்புறத்தில் 'லின்' என்னும் நொதி விழித்து, ஏற்பியின் வால்பகுதியில் பாஸ்பேட் என்னும் சிறு குறியைப் பொருத்துகிறது. அந்தக் குறியைக் கண்டு 'சிக்' என்னும் இரண்டாவது நொதி வந்து ஒட்டிக்கொள்கிறது. அது அடுத்தடுத்த புரதங்களுக்குக் குறியிடுகிறது. 'பி.டி.கே.' என்னும் மற்றொரு நொதியின் துணையோடு 'பாஸ்போலைப்பேஸ்' என்னும் நொதி தூண்டப்படுகிறது. அது செல்சவ்வில் உள்ள ஒரு கொழுப்பை இரண்டாக வெட்டுகிறது. அந்த வெட்டில் பிறந்த துண்டுகளில் ஒன்று செல்லின் உள்ளே சேமித்து வைத்திருந்த கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. கால்சியம் பெருகியதும், பொதிகள் சவ்வோடு இணைந்து தம்மிடம் உள்ளதை வெளியே கொட்டுகின்றன.

சொல்வதற்கு இவ்வளவு நேரம் பிடிக்கிறது. நடப்பதற்குச் சில நிமிடங்களே போதும். ஒரு நொதி மூலக்கூறு தன் வேலையை ஒரு முறை செய்துவிட்டு ஓய்வதில்லை. பல மூலக்கூறுகளை அடுத்தடுத்து மாற்றுகிறது. ஆகவே ஒவ்வொரு படியிலும் சைகை பெருகுகிறது. மிகச் சிறிதளவு இறால் கூட ஒரு பெரிய உடலைச் சாய்த்துவிடுவதன் காரணம் இதுவே.

கதை அதோடு முடிவதில்லை. அதே சைகைகள் வேறு நொதிகளைத் தூண்டி, லூக்கோட்ரையீன், புராஸ்டாகிளாண்டின் போன்ற புதிய பொருள்களை அந்த நிமிடங்களிலேயே தயாரிக்கின்றன. மூச்சுக்குழாயை இறுக்குவதில் லூக்கோட்ரையீன் ஹிஸ்டமினைவிட வலிமை மிக்கது. இன்னும் சில மணி நேரத்தில் மரபணுக்கள் வரை சைகை சென்று, அழற்சியை நீட்டிக்கும் புரதங்கள் உருவாகின்றன. தேறிவிட்டதாகத் தோன்றும் நோயாளிக்கு மீண்டும் அதே அறிகுறிகள் வரக்கூடும் என்பதற்காகத்தான், "இன்னும் சில மணி நேரம் இங்கேயே இருங்கள்" என்று நாங்கள் வற்புறுத்துகிறோம்.

கடலிலிருந்து கிடைத்த அறிவு

இந்த அறிவின் வரலாறு கடலோடு நெருங்கியது என்பது நம்மைப் போன்ற கடலோர மக்களுக்குச் சுவையான செய்தி. 1901-ஆம் ஆண்டு மொனாக்கோ இளவரசரின் கப்பலில் சென்ற சார்லஸ் ரிஷே, பால் போர்ட்டியே என்னும் பிரெஞ்சு அறிஞர்கள், நஞ்சுள்ள ஒரு மிதவை உயிரியை ஆராய்ந்தார்கள். பிறகு பாரிஸில் கடல் சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தபோது, முதல் முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரங்கள் கழித்துச் சிறிதளவு செலுத்தியதுமே மாண்டது. பாதுகாப்பு கூடியிருக்க வேண்டிய இடத்தில் அது தலைகீழாகியிருந்தது. அந்த நிலைக்கு அவர்கள் 1902-இல் இட்ட பெயரே 'அனாபிலாக்சிஸ்'. கடும் ஒவ்வாமை அதிர்ச்சியை இன்றும் அப்பெயராலேயே குறிக்கிறோம். ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது.

1921-இல் ஜெர்மானிய மருத்துவர் கியூஸ்ட்னர், தமக்குச் சமைத்த மீன் ஒவ்வாததை வைத்தே ஒரு சோதனைக்கு இசைந்தார். அவருடைய இரத்தச் சீரத்தைச் சக மருத்துவர் பிராஸ்னிட்ஸ் தம் தோலில் ஏற்றிக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார். அங்கே தடிப்பு எழும்பியது. ஒவ்வாமை இரத்தத்தில் உள்ள ஏதோ ஒரு பொருளால் வருகிறது என்று அப்போது தெளிவாயிற்று. அந்தப் பொருள் ஐஜிஇ என்று தெரிய இன்னும் 45 ஆண்டுகள் ஆயின. 1966-இல் அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியர் இஷிசாகாவும், தொடர்ந்து 1967-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்களும் அதைக் கண்டறிந்தார்கள்.

நம் நாட்டின் பங்கும் இதில் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பி.வி. சுப்பா ராவ் குழுவினர், நம் கடல்களில் கிடைக்கும் வெள்ளை இறாலில் வெப்பத்தால் அழியாத ஒவ்வாமைப் புரதங்களை 1989-இல் பிரித்தெடுத்தனர். அவற்றில் முதன்மையானது டிரோபோமயோசின் என்னும் தசைப்புரதம் என்று, அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து 1993-இல் நிறுவினர். "நன்றாக வேகவைத்தால் ஒன்றும் செய்யாது" என்று நம் வீடுகளில் சொல்வது ஏன் தவறு என்பதற்கு இந்த ஆய்வே விடை. கொதிக்கும் குழம்பிலும் அந்தப் புரதம் தன் குணத்தை இழப்பதில்லை. இறால் வேகும் ஆவியை முகர்ந்தாலே சிலருக்கு இரைப்பு வருவதும் இதனால்தான்.

மாத்திரை எங்கே நிற்கிறது?

இப்போது அந்தக் கணவரின் கேள்விக்கு வருவோம். நாம் வீட்டில் வைத்திருக்கும் ஒவ்வாமை மாத்திரை, நொதிகளின் அந்தச் சங்கிலியைத் தொடுவதே இல்லை. எல்லாம் நடந்து முடிந்து, ஹிஸ்டமின் வெளியே கொட்டிய பிறகு, அது போய்ச் சேரும் இடங்களில் சிலவற்றை மட்டும் மாத்திரை மறித்து நிற்கிறது. அரிப்பும் தடிப்பும் அதனால் குறையும். ஆனால் லூக்கோட்ரையீன் முதலிய மற்றப் பொருள்களை அது தடுக்காது. இறுகிய மூச்சுக்குழாயை விரிக்காது. தாழ்ந்த இரத்த அழுத்தத்தை உயர்த்தாது. விழுங்கிய மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும்.

ஸ்டீராய்டு ஊசியின் மீதும் நம் மக்களுக்குப் பெரும் நம்பிக்கை உண்டு. அது மரபணுக்களின் வழியாக வேலை செய்யும் மருந்து. பலன் தெரியச் சில மணி நேரம் ஆகும். நிமிடங்களில் முடிவாகும் ஒரு போராட்டத்தில் அதை முதல் மருந்தாக நம்புவது பிழை.

அட்ரினலின் அப்படியல்ல. அது விரிந்து கசியும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்துகிறது, தொண்டையின் வீக்கத்தைக் குறைக்கிறது, மூச்சுக்குழாயைத் திறக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது மாஸ்ட் செல்லின் மேற்பரப்பிலுள்ள தனி ஏற்பியைத் தொட்டு, உள்ளே அடினைலைல் சைக்ளேஸ் என்னும் நொதியைத் தூண்டுகிறது. அந்த நொதி உருவாக்கும் சைகை, பொதிகள் மேலும் கொட்டாதபடி செல்லை அடக்குகிறது. ஒரு நொதிச் சங்கிலி மூட்டிய தீயை இன்னொரு நொதிச் சங்கிலி கொண்டு அணைக்கிறோம். விளைவுகளையும் அவற்றின் மூலத்தையும் ஒருசேரப் பிடிக்கும் மருந்து நம் கையில் இது ஒன்றுதான்.

2000-ஆம் ஆண்டு வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, ஒவ்வாமை அதிர்ச்சியால் இறந்தவர்களை ஆராய்ந்து, மூச்சோ இதயமோ நிற்பதற்கு எடுத்த நேரத்தைக் கணக்கிட்டது. உணவால் வந்ததில் நடுமதிப்பு 30 நிமிடம். பூச்சிக் கடியில் 15 நிமிடம். ஊசி மருந்துகளில் 5 நிமிடம். முட்டத்திலிருந்து நாகர்கோவில் சென்று சேரும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் அரை மணி நேரம் எத்தனை விலை உயர்ந்தது என்பது விளங்கும். அந்தப் பெண்மணி பிழைத்தார். எல்லோரும் அவ்வளவு பேறு பெற்றவர்கள் அல்லர்.

"அட்ரினலின் இதயத்தை நிறுத்திவிடாதா?"

இந்த அச்சம் மக்களிடம் மட்டுமன்றி மருத்துவத் துறையிலும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அட்ரினலின் என்றாலே மரணப் படுக்கையில் போடும் கடைசி ஊசி என்ற எண்ணம் பரவியிருக்கிறது. தவறான அளவில் நேரே இரத்தக் குழாயில் செலுத்தினால் அது ஆபத்தானதுதான். ஆனால் தொடைத் தசையில், பெரியவருக்கு அரை மில்லிகிராம் என்ற அளவில் போடும்போது, படபடப்பும் நடுக்கமும் தலைவலியும் சிறிது நேரம் வந்து போகும், அவ்வளவே. ஒவ்வாமை அதிர்ச்சியில் இதயத்துக்கு உண்மையான ஆபத்து தாழ்ந்த இரத்த அழுத்தமும் ஆக்சிஜன் இன்மையுமே. இதய நோயாளிக்கும் அந்த வேளையில் இந்த ஊசியை மறுக்கக் கூடாது.

எல்லாத் தடிப்புக்கும் அட்ரினலின் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தோலில் மட்டும் அரிப்பும் தடிப்பும் இருந்து, மற்றபடி நலமாக இருப்பவருக்கு மாத்திரையே போதும். ஆனால் குரல் மாறினாலோ, மூச்சு இரைத்தாலோ, தலை சுற்றினாலோ, தோல் தடிப்போடு வாந்தியோ வயிற்று வலியோ சேர்ந்து வந்தாலோ, தோலின் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். அங்கே மாத்திரைக்கு முதலிடம் இல்லை.

இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ 'பீட்டா பிளாக்கர்' வகை மருந்து உட்கொள்பவர்கள் அதை எங்களிடம் மறவாமல் சொல்ல வேண்டும். அட்ரினலின் நுழையும் வாயில்களில் ஒன்றை அம்மருந்து அடைத்து வைத்திருக்கும். அதற்காக அதை நீங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

சிவந்ததெல்லாம் ஒவ்வாமை ஆகாது

இன்னொரு பக்கமும் உண்டு. கடலையே நம்பி வாழும் ஊரில், "இனி மீனே தொடாதீர்கள்" என்று ஒருவரிடம் சொல்வது சிறிய விஷயமன்று. அது அவருடைய உணவையும் சில வேளை தொழிலையும் பறிக்கும் தீர்ப்பு. ஆராயாமல் அதைச் சொல்லக் கூடாது.

சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. பிடித்த மீனைப் பனிக்கட்டியில் வைக்காமல் வெயிலில் விட்டால், அதில் பெருகும் பாக்டீரியாக்களின் நொதி ஒன்று ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். நம் மாஸ்ட் செல்லும் அதே வகை நொதியைக் கொண்டுதான் தன் ஹிஸ்டமினைத் தயாரிக்கிறது. வேகவைத்தாலும் உப்பிட்டாலும் அந்த ஹிஸ்டமின் அழியாது. அத்தகைய மீனைச் சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, தடிப்பும் வரலாம். பார்வைக்கு ஒவ்வாமையே போலிருக்கும். அதே மீனைச் சாப்பிட்ட வேறு சிலருக்கும் அப்படியே வந்திருந்தால், பழுது மீனில் என்று ஐயுறலாம். இவர்கள் நல்ல மீனை வாழ்நாள் முழுதும் உண்ணலாம்.

இதைப் பிரித்தறிய உதவும் சாட்சியும் ஒரு நொதியே. மாஸ்ட் செல்லின் பொதிகளிலிருந்து ஹிஸ்டமினோடு டிரிப்டேஸ் என்னும் நொதியும் வெளியேறும். அறிகுறி தோன்றிய சில மணி நேரத்துக்குள் இரத்தம் எடுத்தால், அதன் அளவு உயர்ந்திருப்பதைக் கொண்டு மாஸ்ட் செல் வெடித்ததை உறுதி செய்யலாம். உணவால் வந்த ஒவ்வாமையில் அது உயராமலும் இருக்கக் கூடும். ஆகவே அதையே முழுச் சான்றாக நாங்கள் கொள்வதில்லை.

இறால் ஒவ்வாதவர்களுக்கும் ஒரு சொல். மீன் ஒவ்வாமைக்குக் காரணமான புரதம் வேறு; இறாலின் புரதம் வேறு. இறால் ஒவ்வாத பெரும்பாலோர் மீன் உண்ணலாம். நண்டை விலக்க வேண்டும். கணவாய், சிப்பி வகைகளைச் சோதித்த பிறகே உண்ண வேண்டும். எது கூடும், எது கூடாது என்பதைத் தோல் சோதனையும் இரத்தச் சோதனையும் கொண்டு மருத்துவரோடு கலந்து முடிவு செய்யுங்கள்.

அந்த நொதியையே நிறுத்த முடியாதா?

படித்த இளைஞர்கள் இக்கேள்வியை என்னிடம் கேட்பதுண்டு. முயற்சிகள் நடக்கின்றன. ஐஜிஇ மூலக்கூறுகளைப் பிடித்து விலக்கும் ஒமாலிசுமாப் என்னும் ஊசி மருந்துக்கு, உணவு ஒவ்வாமையின் தீவிரத்தைக் குறைக்கும் பயன்பாட்டுக்காக 2024-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பி.டி.கே. நொதியைத் தடுக்கும் மருந்துகள் முதலில் இரத்தப் புற்றுநோய்களுக்காக வந்தவை. அவற்றில் ஒன்றை நிலக்கடலை ஒவ்வாத 10 பேருக்கு இரண்டு நாள் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வொன்று 2023-இல் வெளியானது. அவர்கள் தாங்கிக்கொண்ட கடலையின் அளவு பல மடங்கு உயர்ந்திருந்தது.

நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் இதே நொதிகள் மற்ற நோயெதிர்ப்புச் செல்களிலும் வேலை செய்கின்றன. பிறவியிலேயே பி.டி.கே. நொதி குறைபட்ட ஆண் குழந்தைகளுக்கு எதிர்ப்பொருள்கள் உருவாவதில்லை. தொற்றுகள் மாறி மாறி வருகின்றன. ஒவ்வாமையை அடக்குவதற்காகக் காவலையே முற்றிலும் விலக்கிவிட முடியாது. ஆகவே இன்றைய நிலையில் நம் கையில் இருப்பது, விலக்க வேண்டியதை விலக்குவதும், வந்துவிட்டால் அட்ரினலினை உடனே போடுவதும்தான்.

என் வேண்டுகோள்

ஒருமுறை கடும் ஒவ்வாமை வந்தவர்கள், இனி வந்தால் என்ன செய்வது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தாமே குத்திக்கொள்ளும் அட்ரினலின் கருவி மேலைநாடுகளைப் போல நம் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் அட்ரினலின் குப்பி மிகக் குறைந்த விலையுள்ள மருந்து. யாருக்கு அதை வீட்டில் வைத்திருக்கத் தர வேண்டும், எவ்வளவு போட வேண்டும் என்பதைத் தீர்மானித்து, குடும்பத்தாருக்குக் கற்றுத் தருவது எங்கள் கடமை. கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

அறிகுறி தொடங்கியதும் நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள். அந்தப் பெண்மணி சாய்ந்தது எழுந்து நின்றபோதுதான். உடனே 108-ஐ அழையுங்கள். எந்த மருத்துவமனை அருகில் இருக்கிறதோ அங்கே செல்லுங்கள். சென்றதும் "ஒவ்வாமை அதிர்ச்சி, அட்ரினலின் வேண்டும்" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

கடற்கரையோரத்தில் உள்ள ஒவ்வொரு சிறு மருத்துவ நிலையத்திலும் இந்தக் குப்பியும், அதைப் போடத் துணிந்த கையும் எந்நேரமும் இருக்க வேண்டும். பல நாள் கடலில் தங்கும் விசைப்படகுகளின் முதலுதவிப் பெட்டியில் இதற்கு இடமுண்டா, அதைப் போட ஒருவருக்குப் பயிற்சி தரலாமா என்று மருத்துவர்களும் மீனவர் சங்கங்களும் சேர்ந்து சிந்திக்க வேண்டும். நடுக்கடலில் முப்பது நிமிடத்தில் வந்து சேரும் மருத்துவமனை எதுவும் இல்லை.

அந்தக் கணவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதில் இதுதான்: நீங்கள் கொடுத்த மாத்திரையில் குறையில்லை; அந்த வேலைக்கு உரிய மருந்து அது அல்ல. அடுத்த முறை காத்திருக்காதீர்கள். முதலில் ஊசி; மாத்திரை பிறகு.